வாக்கெடை முப்பத்தெட்டு

சுகிர்தா சொன்னதில் முப்பத்தெட்டு சதவீதம் உண்மை என்று விசாரணைக் குழு முடிவு செய்தது. எந்த முப்பத்தெட்டு என்று அவள் கேட்டாள். அதைச் சொல்ல விதியில் இடமில்லை என்றார்கள்.

அவள் கோவைக்கு வெளியே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். அப்பா வெள்ளிங்கிரிக்குக் கணபதிப் பகுதியில் ஒரு பம்ப் கம்பெனியில், சோதனைப் பிரிவில் வேலை. சுகிர்தா தினமும் கல்லூரிப் பேருந்தில் போய்வருவாள். மாலையில் கூடைப்பந்து ஆடுவாள். யாருடைய வழிக்கும் போகாத பெண்.

அவளுடைய புகார் எளிமையானது. ஒரு சனிக்கிழமை மதியம், துறைத் தலைவர் திருமூர்த்தி அவளை உலோகவியல் ஆய்வகத்துக்கு வரச் சொன்னார். அவள் முந்தின நாள் மெருகேற்றிய இரும்புத் துண்டு சரியில்லை, மறுபடி பார்க்க வேண்டும் என்றார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். அவர் பின்னால் வந்து நின்றார். "கண்ண வைக்கறப்ப மூச்சு விடக் கூடாதும்மா, லென்ஸ் மங்கிரும்" என்று காதுக்குப் பக்கத்தில் சொன்னார். பிறகு அவர் கை அவள் மேல் வந்தது. அவள் எழப் பார்த்தாள். ஸ்டூல் நகரவில்லை. அவர் தன் காலால் ஸ்டூலின் காலை அமுக்கிப் பிடித்திருந்தார். எப்படியோ திமிறி, கதவின் தாழ்ப்பாளை இழுத்துத் திறந்து ஓடிவந்தாள்.

திருமூர்த்தி குழுவிடம் ஒரே வரிதான் சொன்னார். அந்தச் சனிக்கிழமை மதியம் அவர் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாராம். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆகவே அவர் சொன்னது நூறு சதவீதம் உண்மை.

வாக்கெடை என்ற ஒன்று எப்படி வந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். சில ஆராய்ச்சியாளர்கள் இளைஞர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போன் பார்க்கிறாய்? பிள்ளைகள் மனதில் பட்டதைச் சொன்னார்கள். போன் தானே எடுத்துவைத்திருந்த கணக்கு வேறு மாதிரி இருந்தது. நிறையப் பார்ப்பவர்கள் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். கொஞ்சமாகப் பார்ப்பவர்கள் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். மனிதர்களுக்குத் தங்கள் பழக்கத்தின் அளவு தெரிவதில்லை என்று எழுதிவிட்டு ஆராய்ச்சியாளர்கள் வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள்.

அந்த ஆராய்ச்சி ஒரு கமிட்டியின் கையில் கிடைத்தது. கமிட்டியில் இருந்தவர்களில் யாருக்கும் நாற்பதுக்குக் குறைந்த வயதில்லை. கையில் இருக்கிற போனைப் பற்றியே சரியாகச் சொல்லத் தெரியாத பிள்ளைகள், மற்ற விஷயத்தை மட்டும் எப்படிச் சரியாகச் சொல்வார்கள் என்று அவர்களில் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வியில் மயங்கித் தன்னறிவு ஆணையம் என்று ஒன்றை உண்டாக்கினார்கள். பதினேழு வயதிலிருந்து இருபத்தைந்து வயது வரை உள்ள ஒவ்வொருவரும் மாதக் கடைசியில், தான் எவ்வளவு நேரம் போன் பார்த்தோம் என்று கணித்துச் சொல்ல வேண்டும். போனின் கணக்கோடு அது எவ்வளவு ஒத்துப்போகிறதோ அவ்வளவுதான் அவர் வாக்கின் எடை. காவல் நிலையம், மருத்துவமனை, கல்லூரி என எங்கே வாயைத் திறந்தாலும் சொல்லோடு அந்த எண்ணும் சேர்ந்து போகும். வயிறு வலிக்கிறது என்று ஒரு பையன் சொன்னால், எவ்வளவு வலிக்கிறது என்பதை டாக்டர் அவன் எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். இருபத்தைந்தைத் தாண்டியவர்களை யாரும் சோதிக்கவில்லை. அவர்களுக்கு எல்லாம் தெரியும்.

விசாரணைக் குழுவின் தலைவர் வத்சலா என்ற பெண்மணி. ஆணையம் அனுப்பிவைத்தவர். முடிவைப் படித்துக் காட்டிய பிறகு அவர் சுகிர்தாவை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம்னு எழுதியிருக்கே. உன் போன் அஞ்சேகால்னு சொல்லுதும்மா."

"மேடம், அம்மா சமைக்கறப்ப அதுல பாட்டு ஓடும். அப்பா வண்டி ஓட்டறப்ப மேப் போட்டு முன்னாடி மாட்டிக்குவாரு. நான் பாத்தது ரெண்டுதான். லைட் எரிஞ்சா அது நான் பாத்ததாயிருமா?"

"அதுக்குத்தான் அப்பீல் இருக்கு."

"அப்பீல்ல யார் சொல்றதக் கேப்பாங்க?"

"நீ சொல்றதத்தான்." வத்சலா கொஞ்சம் தயங்கினார். "உன் எடைக்குத் தக்கபடி."

சுகிர்தாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அதையும் எழுதிக்கொள்வார்களோ என்று அடக்கிக்கொண்டாள்.

"நீங்க என்னை நம்பறீங்களா மேடம்?"

"நம்பறதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. ஆனா நான் நம்பறேன்னு எழுத இதுல கட்டம் கிடையாது" என்றார் வத்சலா. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா சாந்தாமணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். வெள்ளிங்கிரி கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை, திட்டவில்லை. கடைசியில், குழு என்ன எண் போட்டது என்று மட்டும் கேட்டார். முப்பத்தெட்டு என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. மகளை நம்ப வேண்டும் என்று அவருக்கு ஆசைதான். ஆனால் அளவுகளோடு வேலை செய்து பழகிய மனிதர்.

"சாமி, அப்பா பம்ப் டெஸ்ட் பண்றவன். நல்லா ஓடுதுன்னு என்ற காது சொல்லும். ஆனா கேஜ் முள்ளு இறங்கிக் கெடந்துச்சுன்னா அந்தப் பம்ப நான் வெளிய அனுப்ப மாட்டேன்."

"நான் பம்பாங்ப்பா?"

"அப்படிச் சொல்லலியே. உனக்கு என்னமோ ஆயிருக்கு, அது தெரியுது. ஆனா முழுசா அப்படித்தான் ஆச்சா, இல்ல பயத்துல கொஞ்சம் கூடத் தோணுச்சான்னு... மொதல்ல உன்ற வெயிட்ட ஏத்து சாமி. அப்பறம் பேசலாம்."

அன்றிலிருந்து வீட்டில் ஒரு சின்ன மாற்றம். சாப்பிட்டாயா என்று அம்மா கேட்பாள். சாப்பிட்டேன் என்று சுகிர்தா சொல்வாள். அவள் நகர்ந்ததும் அம்மா சோற்றுக் குண்டாவின் மூடியைத் திறந்து பார்ப்பாள். அம்மாவிடம் கெட்ட எண்ணம் இல்லை. ஊரே இப்படித்தான் செய்துகொண்டிருந்தது. ஆனாலும் மூடி திறக்கும் அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம், ஆய்வகத்திலிருந்து ஓடிவந்த அன்று இருந்ததைவிட அவளுக்கு அதிகமாக அவமானமாக இருந்தது.

எடையை ஏற்றுவதற்கு ஊரில் நிறைய இடங்கள் முளைத்திருந்தன. காந்திபுரத்தில் ஒரு மாடியில் நடந்த பயிற்சி நிலையத்தில் அவள் சேர்ந்தாள். நடத்தியவர் ஜெயசீலன். முன்பு வங்கித் தேர்வுக்குப் பாடம் எடுத்தவர். நீளமான கூடத்தில் பெஞ்சுகள் போட்டு, பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சு மூச்சு இல்லை. மணி அடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் போனைக் கவிழ்த்து வைத்தார்கள். மறுபடி மணி அடித்ததும் எடுத்தார்கள்.

"சார், போன் பாக்கறதக் குறைச்சுட்டா எடை ஏறிராதா?"

ஜெயசீலன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"குறைச்சுப் பாக்கறவங்கதான் மொதல்ல மாட்டறாங்க. முக்கால் மணி நேரம் பாத்துட்டு, பயந்து போய் ரெண்டுன்னு எழுதிருவான். போச்சு, எடை நாப்பதுக்குக் கீழ. நீ குறைக்க வேணாம்மா. அளவாப் பாரு. தினமும் அஞ்சு மணி நேரம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மாசக் கடைசில அஞ்சுன்னு எழுது. நீ சத்தியவான்."

"அஞ்சு மணி நேரம் என்ன சார் பாக்கறது?"

"எது வேணா பாரு. பிடிச்சத மட்டும் பாக்காத. பிடிச்சுதுன்னா நேரம் தெரியாது."

அவர் முட்டாள் இல்லை. ஆணையத்தில் இருந்த அத்தனை பேரையும்விட அந்த எந்திரத்தைப் புரிந்துகொண்டவர் அவர்தான். உண்மை பேசுகிறவர்களை அது தேடவில்லை, ஒரே மாதிரி இருப்பவர்களைத் தேடுகிறது என்று முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டார்.

சுகிர்தா கூடைப்பந்தை விட்டாள். பந்து கையில் இருக்கும்போது நேரம் போவது தெரிவதில்லை, அது பயிற்சியைக் கெடுக்கிறது. போனை வீட்டில் யாருக்கும் தரவில்லை. அப்பா வழி தெரியாமல் சுற்றி வீடு வந்தார். கரண்ட் போன ஒரு சாயங்காலம் டார்ச் அடிக்கச் சொல்லி அம்மா கூப்பிட்டாள். இவள் எழுந்திருக்கவில்லை. அம்மா இருட்டில் மெழுகுவர்த்தி தேடிப் போய் அலமாரிக் கதவில் நெற்றியை இடித்துக்கொண்டாள். வீங்கிய நெற்றியோடு வந்து, "பரவால்ல கண்ணு, உன்ற கணக்கு தப்பக் கூடாது" என்றாள்.

தினமும் ஐந்து மணி நேரம் அவள் போனைப் பார்த்தாள். மாவு அரைக்கிற எந்திரம் ஓடுகிற வீடியோ, ரயில் ஜன்னலிலிருந்து எடுத்த வீடியோ, யாரோ சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற வீடியோ. முன்பு அவளுக்குப் போன் மேல் பெரிய பற்று இருந்ததில்லை. இப்போதும் இல்லை. ஆனால் கை தானாகப் போய் எடுத்தது, தானாக வைத்தது. கண் எரிந்தது. கனவில் மணி அடித்தது.

அடுத்த கோடை வருவதற்குள் அவள் எடை தொண்ணூற்றாறு ஆகிவிட்டது.

அம்மா குண்டா மூடியைத் திறப்பதை நிறுத்தினாள். காந்திபுரம் பேருந்தில் பாஸை மறந்துவிட்டேன் என்று சொன்னபோது நடத்துனர் அவள் எண்ணைப் பார்த்துவிட்டு, உட்காரம்மா என்றார். கல்லூரியில் தொண்ணூறைத் தாண்டியவர்களின் படத்தைத் துறை வாசலில் மாட்டுவது வழக்கம். அவள் படத்தையும் மாட்டினார்கள். விழாவில் சான்றிதழ் கொடுத்தவர் துறைத் தலைவர் திருமூர்த்தி. அவளுடைய பழைய புகார் ரகசியமாகவே முடிந்திருந்ததால் கூட்டத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. அவர் மைக்கில், உண்மைதான் ஒரு மாணவியின் பெரிய சொத்து என்று பேசினார். சான்றிதழை நீட்டும்போது அவள் விரலை வேண்டுமென்றே தொட்டார். கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆனது.

அவள் நேராக வத்சலாவிடம் போனாள். புகாரை மறுபடி எடுக்கச் சொன்னாள். இப்போது தன் எடை தொண்ணூற்றாறு என்றாள்.

வத்சலா விதிப் புத்தகத்தைத் திறக்கவில்லை. அது அவருக்கு மனப்பாடம்.

"சம்பவம் நடந்த அன்னிக்கு உன் எடை என்னவோ, அதுதான் அந்தச் சம்பவத்துக்கு."

"அன்னிக்குப் பாத்த அதே கண்ணுதான மேடம் இது?"

"கண்ணு அதேதான். எண் வேற."

"அப்ப நான் எதுக்கு இத்தனை மாசம்..." அவளால் முடிக்க முடியவில்லை.

"இனிமே நடக்கறதுக்கு உதவும்மா" என்றார் வத்சலா. சொன்ன பிறகுதான், தான் சொன்னது எவ்வளவு கேவலமான ஆறுதல் என்று அவருக்கே புரிந்தது.

மறுபடியும் நடந்தது, ஆனால் அவளுக்கு நடக்கவில்லை.

கடைசி வருடம் தொடங்கிய பிறகு, ஒரு மதியம் கேன்டீனில் இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி அவளெதிரே வந்து உட்கார்ந்தாள். பெயர் கவிநிலா. ஊர் பல்லடம் பக்கம், விடுதியில் தங்கிப் படிப்பவள். டீயை ஆற விட்டுவிட்டு டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, டிபார்ட்மென்ட் வாசல்ல உங்க போட்டோ பாத்தேன். தொண்ணூத்தாறுன்னு போட்டிருந்துச்சு. பொண்ணுங்கள்ல நீங்கதான் டாப்."

"அதுக்கென்ன?"

"எனக்கு ஒரு சாட்சி வேணுங்க்கா."

பிறகு அவள் சொன்னாள். முந்தின வாரம், உலோகவியல் ஆய்வகம், திருமூர்த்தி. சொல்லும்போது அவள் மேசையை மட்டுமே பார்த்தாள். அவள் எடை இருபத்தேழு. அவளைப் போலவே இன்னும் மூன்று பேர் இருக்கிறார்களாம். எல்லோரும் சேர்ந்து சொன்னால் என்ன என்று விசாரித்திருக்கிறாள். எடைகளைக் கூட்ட மாட்டார்களாம், சராசரி எடுப்பார்களாம். நான்கு பேரும் சேர்ந்தாலும் முப்பதைத் தாண்டவில்லை.

"தொண்ணூறுக்கு மேல ஒருத்தர் பாத்தேன்னு சொன்னாப் போதுமாக்கா. அது முழு வாக்காம். பெரியவங்க மறுத்தாலும் அது நிக்குமாம். முழு வாக்கு சொல்றவங்கள யாரும் குறுக்க கேக்கக் கூடாதாம்."

"நான் அங்க இல்லியே கவிநிலா."

"தெரியுங்க்கா."

"பாக்காதத எப்படிப் பாத்தேன்னு சொல்றது?"

"நான் சொல்றது நெசங்க்கா. ஆனா என்ற வாயில இருந்து வந்தா அது நெசம் ஆகாது. உங்க வாயில இருந்து வரோணும். அவ்வளவுதான்."

சுகிர்தா முடியாது என்றாள். கடுமையாகத்தான் சொன்னாள். தன் வார்த்தை உண்மை என்று ஆவதற்கு அவள் எவ்வளவு விட்டிருக்கிறாள் என்று இந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்? பந்தை விட்டாள், தூக்கத்தை விட்டாள், அம்மாவின் நெற்றியில் வீக்கம். ஒரே ஒரு பொய்யில் அத்தனையும் போய்விடும். எந்திரத்துக்குத் தெரியாமல் இருக்கலாம், அவளுக்குத் தெரியும்.

கவிநிலா தலையாட்டிவிட்டு எழுந்தாள். இரண்டடி போனவள், தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள்.

"இப்பவும் கிளாஸ்ல மைக்ரோஸ்கோப்பத் தொட்டா எனக்கு மூச்சு முட்டுதுங்க்கா. மூச்சு விடக் கூடாது, லென்ஸ் மங்கிரும்னு காதுக்குள்ள கேட்டுட்டே இருக்கு."

சுகிர்தா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தானும் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்குச் சற்று நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

"உக்காரு" என்றாள். "எந்தக் கிழமைன்னு சொல்லு. எத்தனை மணின்னு சொல்லு. மத்ததெல்லாம் சொல்ல வேண்டாம்."

விசாரணை கல்லூரியின் கூட்ட அறையில் நடந்தது. நடுவில் வத்சலா, இரண்டு பக்கமும் ஆணையத்தின் உறுப்பினர்கள் இருவர், ஓரத்தில் தட்டச்சு செய்ய ஒரு எழுத்தர். எதிரே திருமூர்த்தி. இந்த முறையும் அவர் கொண்டுவந்தது ஒரே வரிதான். அன்று அந்த ஆய்வகத்துக்குப் போகவே இல்லை, நூலகத்தில் இருந்தேன். கவிநிலாவின் இருபத்தேழைப் பற்றிக் கவலைப்பட அவருக்கு ஒரு காரணமும் இல்லை. சாட்சியாக சுகிர்தா உள்ளே வந்தபோதுதான் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்தார்.

வத்சலா அவளை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு விதிப்படி கேட்டார்.

"நீங்க பாத்தத சொல்லுங்க."

"ரெக்கார்ட் நோட்ட எடுக்கப் போனேன் மேடம். கதவுப் பலகைல ஒரு இடுக்கு இருந்துச்சு. அது வழியாப் பாத்தேன்."

அதற்குப் பிறகு அவள் சொன்ன எதிலும் பொய் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெண். பின்னால் வந்து நின்றவர். மூச்சு விடக் கூடாது என்று அவர் சொன்ன குரல். வந்த கை. அந்தப் பெண் எழப் பார்த்தது. ஸ்டூலின் காலை அவர் காலால் அமுக்கிப் பிடித்தது. தாழ்ப்பாளை இழுக்கும்போது அவள் விரல் வழுக்கியது. எல்லாம் அவளுக்கு ஒரு வருடத்துக்கு முன்பு நடந்தவை. தேதியை மட்டும் மாற்றினாள், ஸ்டூலில் இருந்த பெண்ணை மட்டும் மாற்றினாள். அன்று தன் பெயரில் சொன்னபோது தட்டுத் தடுமாறியவள், இன்னொருத்தி பெயரில் சொல்லும்போது ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

மேசைமேல் இருந்த திரையில் பச்சை விளக்கு எரிந்தது. தொண்ணூற்றாறு. முழு வாக்கு.

திருமூர்த்தி எழுந்துவிட்டார்.

"பொய்! சுத்தப் பொய்! இவ எப்படிப் பாத்திருக்க முடியும்? அந்தக் கதவுல இடுக்கே கிடையாது. உள்ள இருந்து நான்தான் தாழ்ப்பாள் போட்டேன். அந்த ரூம்ல எங்க ரெண்டு பேரத் தவிர ஒரு ஈ காக்கா கிடையாது!"

அறையில் எல்லோரும் அதைக் கேட்டார்கள். வத்சலாவின் கை மேசையில் அப்படியே நின்றது. கவிநிலா வாயைப் பொத்திக்கொண்டாள். பேசி முடித்த பிறகு, தான் என்ன பேசினோம் என்று திருமூர்த்திக்கும் விளங்கிவிட்டது. மெதுவாக உட்கார்ந்தார்.

எழுத்தர் தலை நிமிர்ந்தார்.

"மேடம், இத டைப் பண்ணணுங்களா?"

வத்சலா பதில் சொல்வதற்குள் வலது பக்கத்து உறுப்பினர் முந்திக்கொண்டார்.

"முழு வாக்கு ஓடிட்டிருக்கறப்ப குறுக்க பேசறது எதுவும் பதிவுல ஏறக் கூடாது. விதி பதினொண்ணு."

"சார், அவரே ஒத்துக்கிட்டாரே" என்றார் வத்சலா.

"அது எதுக்கு மேடம்? நமக்குத்தான் எண் கிடைச்சிருச்சே" என்றார் அவர் எரிச்சலோடு. மதிய உணவு நேரம் ஆகியிருந்தது.

எழுத்தர் விரலை எடுத்துக்கொண்டார். அந்த அறையில் திருமூர்த்தி சொன்ன ஒரே உண்மை காற்றில் போயிற்று. சுகிர்தாவின் பொய் மூன்று பிரதிகளில் கையெழுத்தாகி முத்திரை வாங்கியது.

திருமூர்த்தியை வேலையிலிருந்து நீக்கினார்கள். காவல்துறை வழக்கும் பதிவானது. முழு வாக்குச் சாட்சியின் பெயரை வெளியிடக் கூடாது என்பதால் ஆணையின் நகலில் அவள் பெயர் இருந்த இடத்தைக் கறுப்படித்திருந்தார்கள்.

விசாரணை முடிந்து வெளியே வந்ததும், மாடிப்படியில் கவிநிலா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். நன்றி சொல்வாள் என்று சுகிர்தா நினைத்தாள்.

"அக்கா, ஸ்டூல் காலப் பத்தி நான் உங்ககிட்ட சொல்லவே இல்லியே."

சுகிர்தா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்ககிட்ட மட்டும் இல்லீங்க்கா. வெக்கமா இருந்துச்சுன்னு நான் யாருகிட்டயும் அதச் சொல்லல. புகார்லகூட எழுதல."

கீழே பேருந்துகள் கிளம்புவதற்கு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. கவிநிலாவின் முகத்தில் ஏதோ மெல்ல மெல்லப் புரிந்தது. அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. எப்போது என்று கேட்கவில்லை, எத்தனை சதவீதம் என்றும் கேட்கவில்லை. பையைக் கீழே போட்டுவிட்டு சுகிர்தாவைக் கட்டிக்கொண்டாள். அந்த ஆய்வகத்திலிருந்து ஓடிவந்த நாளிலிருந்து அழாத சுகிர்தா, அங்கே, போகிறவர் வருகிறவர் பார்க்க, படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள்.

செய்தி நாலைந்து நாளில் வெளியே வந்துவிட்டது. வெள்ளிங்கிரி வேலையிலிருந்து வந்து, கை கால் கழுவி, போனைக் கையில் வைத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டார். அவர் கண்கள் சிவந்திருந்தன.

"சாமி, இங்க வா. உங்க காலேசு வாத்தியாரத் தூக்கிட்டாங்களாமா. யாரோ ஒரு பொண்ணு நேர்லயே பாத்துச்சாமா. வெயிட்டு தொண்ணூறுக்கு மேலயாமா." போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். "அப்ப நீ அன்னிக்குச் சொன்னதும் நெசமாத்தான் இருந்திருக்கும் போல."

சுகிர்தா கொடியில் கிடந்த துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"அப்பன் கேஜப் பாத்துட்டே இருந்துட்டேன் சாமி. உன்ற மொகத்தப் பாக்கல. மனசுல வெச்சுக்காத." முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "அந்தப் பொண்ணு யாருன்னு தெரிஞ்சா, அப்பா கும்பிட்டேன்னு சொல்லு. அது மட்டும் பாக்காம இருந்திருந்தா அவன் இன்னும் எத்தனை புள்ளைகள..."

அவள் அவரையே பார்த்தாள். இந்த மனிதர் கெட்டவர் இல்லை. அவளுக்காக உயிரையும் கொடுப்பார். ஆனால் அவர் கையில் அந்த போன் இருந்தது, அதில் அந்த எண் இருந்தது.

"அந்தப் பொண்ணு பாக்கலீங்ப்பா" என்றாள். "அவ அன்னிக்கு அங்க இல்லவே இல்ல. பொய்தான் சொன்னா."

வெள்ளிங்கிரி நிமிர்ந்து பார்த்தார். பிறகு அழுத கண்ணோடு சிரித்துவிட்டார்.

"போ சாமி. தொண்ணூறுக்கு மேல இருக்கற புள்ள எங்காச்சும் பொய் சொல்லுமா?"